தொட்டியில் பெருத்த குஞ்சு ஆற்றில் பிழைக்குமா?

இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கடைசி மலைக்குக் கீழே ஒரு சின்னக் குளம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அதில் கார்ப் மீன்குஞ்சு விடப்போகிறோம் என்று லொறியில் பொலித்தீன் பைகளைக் கொண்டுவந்தார்கள். பையில் பாதி தண்ணீர், பாதி காற்று, உள்ளே விரல் நீளக் குஞ்சுகள். குஞ்சு பொரித்த இடம் கீழ்நாடு. அங்கே தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். எங்கள் குளத்திலோ காலை நேரத்தில் கை வைத்தால் விறைத்துப்போகும். வந்தவர்களுக்கு அடுத்த தோட்டத்துக்கும் போகவேண்டிய அவசரம். பைகளைக் கத்தியால் கிழித்து அப்படியே கொட்டிவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலையில் கரையோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதந்தது.

குஞ்சு தரம் சரியில்லை என்றார்கள் சிலர். குளத்தில் மருந்துத் தண்ணீர் கலந்திருக்கும் என்றார்கள் வேறு சிலர். தேயிலை நர்சரியில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர் மட்டும் என்னிடம் வேறொன்று சொன்னார்: "ஏன் தம்பி, நெழலுல வளந்த கன்ன நேரா வெயில்ல கொண்டுபோயி நட்டா என்ன ஆகும்? அதே கததான் இதுவும்."

பையைக் குளத்தில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுப் பழக்கியிருந்தால் பல குஞ்சுகள் பிழைத்திருக்கும். அது சின்ன விஷயம், யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பெரியவர் சொன்னது கடைசி அரை மணி நேரத்தோடு முடிகிற கதை இல்லை. குஞ்சு பொரிப்பகத்தில் ஒரு மீன் கழிக்கும் முதல் சில மாதங்கள் அதன் உடம்பில், மூளையில், காதில், ஏன் அதன் பிள்ளைகளின் இரத்தத்தில்கூட எப்படிப் பதிந்துவிடுகின்றன என்று சால்மன் மீனை வைத்து உலகம் முழுக்க ஆராய்ந்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு அந்த நர்சரிதான் நினைவுக்கு வந்தது.

சால்மன் எங்கே, நாம் எங்கே என்று கேட்கலாம். நம் கடைகளில் சிங்களத்தில் 'செமன்' என்று பெயர் சொல்லி விற்கும் டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் சால்மன் இல்லை, மக்கரல்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆனால் சால்மனின் நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் நம் மலையில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறான். அவன்தான் ட்ரவுட். 1880களில் பழுப்பு ட்ரவுட்டையும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வானவில் ட்ரவுட்டையும் வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். பழுப்பு ட்ரவுட், அத்திலாந்திக் சால்மனின் பேரினத்தைச் சேர்ந்தது. வானவில் ட்ரவுட்டை 1989இல் விஞ்ஞானிகள் பசிபிக் சால்மன்களின் பேரினத்துக்கே மாற்றிவிட்டார்கள். வானவில் ட்ரவுட்டில் கடலுக்குப் போய்த் திரும்பும் வகைக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். கீழே வரும் ஆராய்ச்சிகளில் சில அந்த ஸ்டீல்ஹெட்டைப் பற்றியவை. ஆகவே இது வேற்று ஊர்க் கதை என்று ஒதுக்க முடியாது.

முட்டையிலிருந்து தொடங்குவோம். காட்டாற்றில் பெண் சால்மன் வாலால் சரளைக் கல்லைத் தோண்டிக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே மறுபடி கல்லைத் தள்ளி மூடிவிடும். கல் இடுக்குக்குள் இருட்டு. குளிர்ந்த தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். முட்டை எத்தனை நாளில் பொரியும் என்பதை நாட்காட்டி சொல்லாது, வெப்பநிலைதான் சொல்லும். ஒவ்வொரு நாளின் வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே போகவேண்டும். அந்தக் கூட்டுத்தொகை ஒரு கணக்குக்கு வந்ததும் பொரியும். அத்திலாந்திக் சால்மனுக்கு அது ஏறத்தாழ 500. அதாவது 5 பாகைத் தண்ணீரில் நூறு நாள், 10 பாகையில் ஐம்பது நாள். வானவில் ட்ரவுட் இன்னும் விரைவு: 10 பாகையில் ஒரு மாதம், 15 பாகையில் மூன்று வாரம்கூடப் பிடிக்காது.

1864இல் இங்கிலாந்திலிருந்து தஸ்மேனியாவுக்குச் சால்மன், ட்ரவுட் முட்டைகளை 'நோர்ஃபோக்' என்ற கப்பலில் கொண்டுபோனதன் சூட்சுமமும் இதுதான். பாசியில் சுற்றிய முட்டைகளை ஐஸ் அறைக்குள் வைத்து மூன்று மாதம் கடலில் பயணம் செய்தார்கள். குளிரில் முட்டையின் கடிகாரம் மெதுவாக ஓடியதால் கப்பல் கரை சேரும்வரை அவை பொரியவில்லை. முட்டையைத் தொலைதூரம் கொண்டுபோகலாம் என்ற தைரியம் அதற்குப் பிறகுதான் வந்தது. இல்லாவிட்டால் நுவரெலியாவுக்கு ட்ரவுட் வந்திருக்காது.

கடிகாரத்தை மெதுவாக்கலாம் என்றால் வேகமாக்கவும் முடியும் அல்லவா? பொரிப்பகங்களுக்கு அங்கேதான் ஆசை பிறக்கிறது. தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கினால் குஞ்சு சீக்கிரம் வரும், சீக்கிரம் இரை எடுக்கும், சீக்கிரம் விற்கலாம். ஆனால் முட்டைக்குள் முதுகெலும்பு, இதயம், தாடை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. அத்திலாந்திக் சால்மன் முட்டையை 8 பாகைக்கு மேல் வைத்துப் பொரிக்கும்போது முதுகெலும்பு முள்ளுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட குஞ்சுகள் கூடுவதை நோர்வேயில் பார்த்திருக்கிறார்கள். இப்படிப் பிறந்தது வளர்ந்த பிறகு வால் பக்கம் குட்டையாக, யாரோ அமுக்கிவிட்டதுபோல இருக்கும். தீனியில் பொஸ்பரஸ், விற்றமின் சி குறைந்தாலும் எலும்பு இப்படித்தான் கோணும். விரைவாக வளரும் குஞ்சுக்கு இவை இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். உடம்பு ஓட ஓட எலும்பு பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தின் விலையை மிகத் துல்லியமாகக் காட்டுவது காதுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கல். மீனுக்கு வெளிக்காது கிடையாது. தலைக்குள் செவிக்கற்கள் உண்டு. மணலைவிடக் கொஞ்சம் பெரிய, கல்சியம் காபனேற்றாலான கற்கள். சத்தம் வரும்போது அந்தக் கல் அசையும். அது நரம்பைத் தொட்டுச் செய்தி சொல்லும். சாதாரணமாக இந்தக் கல் அரகோனைட் என்ற பளிங்கு வடிவத்தில் வளரும். பொரிப்பகத்து மீன்களில் பலவற்றில் அது வட்டரைட் என்ற வேறொரு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. வட்டரைட் எடை குறைந்தது, எளிதில் நொறுங்குவது, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். கல்லின் எடை மாறினால் அசைவு மாறும், அசைவு மாறினால் கேட்கும் திறன் குறையும். மெல்பர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு மீன்களை எடுத்துப் பார்த்தபோது, பண்ணையில் வளர்ந்த சால்மனில் இந்தக் கோளாறு காட்டு மீனைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று கண்டார்கள். பண்ணை மீன்களில் ஏறத்தாழ பாதிக்குக் காது கேட்பதில் குறை. 2017இல் அதே குழு காரணத்தையும் தேடியது. ஒரே வயதுக் குஞ்சுகளுக்குள் மிக விரைவாக வளர்ந்தவற்றுக்கு, மெதுவாக வளர்ந்தவற்றைவிட இந்தக் கல் மாற்றம் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. ஒருமுறை மாறினால் அது திரும்பாது. தட்டுக்கு வரப்போகும் மீனுக்குக் காது கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று ஒருவர் சொல்லலாம். ஆற்றில் விடப்போகும் குஞ்சுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

சரி, மூளைக்கு வருவோம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்த ஒரு சோதனை இருக்கிறது. செலவில்லாத, ஏறக்குறைய வேடிக்கையான சோதனை. பொரித்து வெளியே வந்த, மஞ்சட்கருப் பையை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு இன்னும் நீந்தவே தொடங்காத ஸ்டீல்ஹெட் குஞ்சுகளை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு வழக்கமான வெறும் தொட்டி. இன்னொரு பங்குக்கு அதே தொட்டி, அதே தண்ணீர், ஆனால் அடியில் கல். அவ்வளவுதான். கல் இருந்த தொட்டியில் வளர்ந்தவற்றின் சிறுமூளை பெரிதாக இருந்தது. உடம்பைச் சமநிலையில் வைத்து அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி அது. நடத்தையிலும் அவை ஆற்றுக் குஞ்சுகளை ஒத்திருந்தன. 2006இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திகைப்பாக இருந்தது. தீனி தின்னாத, வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்துகொள்கிற, இரண்டு சென்ரிமீற்றர்கூட இல்லாத உயிர் அது. அதன் மூளை எப்படி வளர வேண்டும் என்பதைக் கல்லின் இடுக்கில் இருப்பதும் இல்லாததும் தீர்மானிக்கிறது. அதே வளாகத்தில் அதற்கு முன்பு பொரிப்பகத்து வானவில் ட்ரவுட்டின் மூளையையும் காட்டு ட்ரவுட்டின் மூளையையும் ஒப்பிட்டபோது, பொரிப்பகத்து மீனின் மூளையில் சில பகுதிகள் சிறுத்துக் கிடந்தன.

பிறகு ஏன் எல்லாப் பொரிப்பகத்திலும் கல் போடவில்லை? கல் இருந்தால் அடியில் கழிவு தேங்கும், தீனி மிச்சம் அழுகும், கழுவ முடியாது, பூஞ்சணம் வரும். வெறும் தொட்டியென்றால் தண்ணீரைத் திறந்துவிட்டுத் துடைப்பத்தால் தள்ளினால் போதும். பல ஆயிரம் குஞ்சை ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டிய இடத்தில் அந்தத் துடைப்பம்தான் ஜெயிக்கும். அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது நம் மலைக்கென்று ஒரு சங்கடம் உண்டு. அதை வெளிநாட்டுக் கைநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. நுவரெலியாவில் பருப்பு வேக நேரம் எடுக்கும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அதே மெலிந்த காற்று மீன் தொட்டியையும் தொடுகிறது. கடலோரத்தில் 16 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். அதே 16 பாகைத் தண்ணீர் நுவரெலியாவில் 8 மில்லிகிராமுக்குள்தான் தாங்கும். ட்ரவுட்டுக்கும் சால்மனுக்கும் 6, 7க்குக் கீழே போனாலே மூச்சு முட்டத் தொடங்கும். அதாவது குளிர் இருக்கிறதே, மலைதானே, மீன் சந்தோஷமாக இருக்கும் என்று நாம் நினைக்கும்போது கைவசம் இருக்கும் இடைவெளி மிகச் சின்னது. ஸ்கொட்லாந்தில் கடலோரமாக 10 பாகையில் ஓடும் ஓடையில் 11 மில்லிகிராம் இருக்கும். ஒரு தொட்டிக்கு எத்தனை குஞ்சு என்று அங்கே எழுதிய கணக்கை இங்கே அப்படியே எடுத்தால் தொட்டியில் குஞ்சு மேலே வந்து வாயைப் பிளக்கும்.

இன்னொன்று: தீனி போட்டவுடன் மீனின் ஒட்சிசன் தேவை ஏறும், செரித்து முடியும்வரை இறங்காது. கூடவே செவுள் வழியாக அமோனியா வெளியேறும். தண்ணீர் சூடேற ஏற அந்த அமோனியாவில் நஞ்சான பங்கு கூடும். ஆகவே மழையில்லாத மாதங்களில், ஓடை மெலிந்து மத்தியானத் தண்ணீர் சூடேறும் நேரத்தில், தெரிந்தவர்கள் தீனியை நிறுத்திவிடுவார்கள். பசியோடு இருக்கும் மீன் பிழைக்கும். வயிறு நிறைந்த மீன்தான் சாகும். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடக்கிறது.

ஓடும் தண்ணீரும் முக்கியம். தன் உடல் நீளத்தைப்போல் ஒன்றிலிருந்து ஒன்றரை மடங்கு தூரத்தை ஒவ்வொரு செக்கனும் நீந்தும் அளவுக்கு நீரோட்டம் கொடுத்தால், இளம் சால்மன் நன்றாக வளர்கிறது, நோயையும் தாங்குகிறது என்று பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். எதிர்நீச்சலில் நிற்கும் மீன்களுக்குள் சண்டையும் குறைவு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு தம் வேலையில் இருக்கும். தேங்கிய தண்ணீரில்தான் ஒன்றையொன்று கடிக்கும். பொரிப்பகத்து மீனைத் தூண்டில்காரர்கள் அடையாளம் காணும் வழிகளில் ஒன்று முதுகுத் துடுப்பு. அது தேய்ந்து, முனை மழுங்கி, சில நேரம் வெறும் குச்சியாக நிற்கும். கொங்கிரீட்டில் உரசுவது ஒரு காரணம். பக்கத்தில் நின்றதன் பல் இன்னொரு காரணம்.

இனி நிழல். பொரிப்பகத்துக் குஞ்சுக்குச் சாப்பாடு எப்போதும் மேலேயிருந்து வருகிறது, அதற்கு முன்னால் ஒரு மனித நிழல் தொட்டியில் விழுகிறது. சில வாரத்தில் குஞ்சு கணக்குப் போட்டுவிடும்: நிழல் என்றால் சோறு. நிழல் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் மேலே பாய்ந்து வந்து தண்ணீர் கொதிப்பதுபோல் நிற்கும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் குஞ்சை ஓடையில் விட்டால் அங்கேயும் மேலேயிருந்து நிழல் விழும். மீன்கொத்தியின் நிழல், நீர்க்காகத்தின் நிழல். குஞ்சு மேலே வரும்.

இதைத் திருத்த அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1990களில் ஒரு முயற்சி நடந்தது. தொட்டிக்கு அடியில் சரளை, மேலே மறைப்பு வலை, தண்ணீருக்குள் மரக்கிளைகள், தீனி தண்ணீருக்கு அடியிலிருந்து வரும் ஏற்பாடு. இப்படி வளர்ந்த சால்மன் குஞ்சின் தோல் சரளையின் நிறத்துக்குப் பொருந்திப் புள்ளி புள்ளியாக வந்தது. வெறும் சாம்பல்நிறக் கொங்கிரீட்டில் வளர்ந்தது வெளிறிக் கிடந்தது. ஆற்றில் விட்டபோது புள்ளிக் குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் எல்லா ஆற்றிலும், எல்லா வருடத்திலும் அப்படி நடக்கவில்லை. பின்னர் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் சிலவற்றில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கல்லும் கிளையும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது நினைத்துவிடுவார்கள்.

கடலுக்குப் போகும் சால்மனுக்கு இன்னும் ஒரு வாசல் இருக்கிறது. ஆற்றில் புள்ளியும் பட்டையுமாக இருந்த குஞ்சு ஒரு பருவத்தில் வெள்ளிபோல் மினுங்கத் தொடங்கும். செவுள் உப்பை வெளியே தள்ளப் பழகும். கடலுக்குத் தயார் என்று அர்த்தம். காட்டாற்றில் இதற்கு அத்திலாந்திக் சால்மன் ஒரு வருடத்திலிருந்து நான்கைந்து வருடம்வரை எடுக்கும். பகல் நீளுவதுதான் இதற்கு மணியடிக்கிறது. நோர்வேப் பண்ணைகள் விளக்கை அணைத்து ஒரு பொய்க் குளிர்காலத்தையும், பிறகு இருபத்துநான்கு மணி நேரமும் எரியவிட்டு ஒரு பொய்க் கோடையையும் காட்டி, ஒரு வருடத்துக்குள்ளேயே குஞ்சை வெள்ளியாக்கிவிடுகின்றன. நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட வராது. நோர்வேயின் பேர்கன் நகரில் அது பதின்மூன்று மணி நேரம். அங்கே ஒளி சொல்லும் செய்தி அவ்வளவு உரத்த குரலில் இருக்கிறது. அதைச் சுவிட்சால் மாற்றினால் உடம்பு நம்பிவிடுகிறது.

கொழுக்கக் கொழுக்க வளர்த்தால் இந்த வாசலில் ஒரு விபத்து நடக்கும். சினூக் என்ற பசிபிக் சால்மனில், பொரிப்பகத்தில் அதிகம் தின்று விரைவாகப் பெருத்த ஆண் குஞ்சுகளில் ஒரு பங்கு கடலைப் பார்க்காமலே இரண்டு வயதில் பருவமடைந்துவிடும். சின்ன மீன், ஆனால் விந்து முற்றிய ஆண். அதே வாஷிங்டன் மாநிலத்தின் யக்கிமா ஆற்றுப் பொரிப்பகத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கடலுக்குப் போய்ப் பத்துக் கிலோவாகத் திரும்பும் என்று எண்ணி விட்ட மீன் அது. தீனியைக் குறைத்து, குளிர்காலத்தில் இயற்கைபோல் கொஞ்சம் பட்டினி போட்டால் இந்தப் பங்கு குறைகிறது.

போன மீன் வீட்டுக்குத் திரும்பவும் வேண்டும். சால்மன் தான் பிறந்த ஓடையின் வாசனையைக் குஞ்சுப் பருவத்திலேயே மனதில் பதித்துக்கொள்கிறது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லரும் அவர் கூட்டாளிகளும் 1970களில் இதை நிரூபித்த விதம் அழகானது. கோஹோ சால்மன் குஞ்சுகளை மோர்ஃபலின் என்ற இரசாயனத்தைத் துளியளவு கலந்த தண்ணீரில் வளர்த்து மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். பிறகு அந்தக் குஞ்சுகள் ஒருநாளும் பார்த்திராத ஓர் ஓடையில் அதே இரசாயனத்தைச் சொட்டவிட்டார்கள். வளர்ந்த மீன்கள் அந்த ஓடையைத் தேடி வந்தன. இதன் மறுபக்கத்தைக் கலிபோர்னியாவில் 2014 வறட்சியில் பார்க்கலாம். ஆறு வற்றியதால் கோடிக்கணக்கான குஞ்சுகளை லொறியில் ஏற்றிக் கடல் வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். நீந்திப் போகாத வழியின் வாசனை எப்படித் தெரியும்? லொறியில் போன சால்மன் திரும்பும்போது வேறு ஆறுகளுக்குள் வழிதவறிப் போவது கூடுதல்.

வாசனை கடைசித் தெருவைக் காட்டும். நடுக்கடலில் திசை காட்டுவது பூமியின் காந்தப்புலம். 2014இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் ஸ்டீல்ஹெட் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனையில், இரும்புக் குழாயும் கம்பியும் காந்தப்புலத்தைக் குழப்பும் இடத்தில் வளர்ந்தவை, சரியான திசையைத் தெரிந்துகொள்ளும் திறனை இழந்திருந்தன. தொட்டிக்குப் பக்கத்தில் போகும் ஓர் இரும்புக் கம்பி! பொரிப்பகம் கட்டிய மேசன் எப்படி இதை யோசித்திருக்க முடியும்?

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மீனின் ஆயுளுக்குள் நடப்பது. இதைத் தாண்டியும் போகிறது. ஒரேகனில் ஹூட் என்ற ஆற்றில் திரும்பிவரும் ஸ்டீல்ஹெட் ஒவ்வொன்றின் மரபணுவையும் பல வருடம் சேகரித்து, எது எதன் பிள்ளை என்று வம்சாவளி எழுதியிருக்கிறார்கள். 2007இல் வந்த முடிவு: பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் பிள்ளை பெற்றுப் பெருகும் திறன் ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. 2016இல் இன்னொரு முடிவு. காட்டுத் தாய்தந்தைக்குப் பிறந்த குஞ்சுகளையும், ஒரே ஒரு தலைமுறை பொரிப்பகத்தில் இருந்த தாய்தந்தைக்குப் பிறந்த குஞ்சுகளையும் ஒரே மாதிரித் தொட்டியில் வளர்த்து ஒப்பிட்டார்கள். 723 மரபணுக்கள் வேலை செய்யும் அளவு மாறியிருந்தது. அவற்றில் பல காயம் ஆறுவதோடும் நோய் எதிர்ப்போடும் சம்பந்தப்பட்டவை. நெருக்கிக்கொண்டு கடிபட்டு வாழும் தொட்டியில் எது தேவையோ, அதற்கு ஏற்றவை மட்டும் தேறிவருகின்றன என்று இதைப் படிக்கலாம். யாரும் அப்படித் தெரிவு செய்யவில்லை. தொட்டிதான் தெரிவு செய்தது. முண்டியடித்துத் தீனி பிடிக்கும் துணிச்சல்காரன் தொட்டியில் ராஜா, ஆற்றில் அவன்தான் முதல் பலி.

நர்சரிப் பெரியவரை இங்கே திரும்ப அழைக்க வேண்டும். தேயிலையில் ஒரு இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை வெட்டி, பொலித்தீன் பையில் நட்டு, நிழலும் ஈரமும் கொடுத்து ஒரு வருடம்போல் வளர்ப்பார்கள். மலையில் நடுவதற்கு முன் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள், தண்ணீரையும் குறைப்பார்கள். கன்று அந்த நாட்களில் பார்க்க அழகாக இருக்காது. இலை தடிக்கும், நிறம் மங்கும், வளர்ச்சி நின்றதுபோல் தோன்றும். துரை வந்து பார்த்தால் எந்த நர்சரிக்காரனுக்கும் பக்கத்திலுள்ள பச்சைப் பசேல் பாத்தியைத்தான் காட்டத் தோன்றும். மீன் பொரிப்பகத்திலும் அதே வியாதி இருக்கிறது. எத்தனை குஞ்சு விட்டோம், ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று எண்ணுவது சுலபம். அறிக்கையில் நன்றாகவும் இருக்கும். இரண்டு வருடம் கழித்து எத்தனை மிச்சம் என்பதை எண்ண யாரும் வருவதில்லை. எங்கள் குளத்துக்கும் யாரும் வரவில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கடைக்குப் போகும் மீனுக்கு வேறு நியாயம். தொட்டியில் பிறந்து தொட்டியிலேயே முடியும் மீன் மீன்கொத்தியைப் பற்றிப் படிக்க வேண்டியதில்லை. அதற்கு ஒட்சிசன், சுத்தமான தண்ணீர், நேரான எலும்பு, கடிபடாத துடுப்பு போதும். நம் மலையில் யாராவது ட்ரவுட் பண்ணை போட நினைத்தால் அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, ஒட்சிசன் மீற்றரை முதலில் வாங்குங்கள், தொட்டியை அப்புறம் கட்டுங்கள் என்பதுதான். ஆற்றுக்கும் குளத்துக்கும் விடப்போகிற குஞ்சின் கணக்கு வேறு. இரண்டையும் ஒரே தொட்டியில் ஒரே தீனியில் வளர்த்துவிட்டு ஒரே தராசில் நிறுத்தால்தான் பிரச்சினை.

துரைமார் விட்ட ட்ரவுட் என்னவாயிற்று என்று சொல்லவில்லையே. பழுப்பு ட்ரவுட் நம் மலையில் பெரிதாக வேரூன்றவில்லை. வானவில் ட்ரவுட் 2,100 மீற்றருக்கு மேலேயுள்ள ஹோட்டன் சமவெளியில் தானாகவே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கியது. இன்றைக்கும் பெலிஹுல் ஓயாவின் தலைப்பக்கத்தில் இருக்கிறது. பொரிப்பகத்தில் தொடங்கிய வம்சம்தான். ஆனால் ஓடையில் யாரும் கையால் தீனி போடவில்லை, நீர்நாய் வேட்டையாடியது, தாங்காதது செத்தது. தொட்டி செய்ததை ஓடை கொஞ்சம் கொஞ்சமாக அழித்து எழுதியிருக்கிறது. அதற்கும் ஒரு விலை இருந்தது. அந்தச் சமவெளியில் மட்டுமே வாழும் ஒரு சின்ன நன்னீர் இறால் உண்டு. ட்ரவுட் வருவதற்கு முன் அந்த ஓடைகளில் அப்படியொரு வேட்டைக்கார மீன் இருந்ததே இல்லை. பிழைக்கத் தெரிந்த ட்ரவுட்டால் இப்போது அந்த இறாலுக்குத்தான் ஆபத்து.

போன தடவை அங்கே போனபோது ஓடைக்கு மேலே இருக்கும் சின்னப் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தேன். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் தெளிவாக ஓடியது. ஒரு கல்லுக்குப் பின்னால், நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு ஒரு மீன் நின்றது. சாண் நீளம்கூட இருக்காது. நன்றாகப் பார்க்கலாம் என்று ஓரடி நகர்ந்தேன். என் நிழல் தண்ணீரில் விழுந்தது. அது எந்தப் பக்கம் போனது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.